முப்பத்தொன்றாம் கேள்வி

ருவைஸ், இரவு ஷிஃப்ட், மணி இரண்டே கால்.
லாக் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்
கந்தகம், கந்தகம், கந்தகம்.
வியாழன் மதியம் பேனல் ஆபரேட்டர் தேர்வு.
பாலிடெக்னிக் முடித்துப் பதினோரு வருடம்.

விதி எளிதுதான்.
ஆக்சிஜன் பேராசைக்காரன், அவனுக்கு மைனஸ் இரண்டு.
ஹைட்ரஜன் ஏமாளி, பிளஸ் ஒன்று.
மிச்சத்தைக் கந்தகத்தின் தலையில் கட்டு,
கூட்டினால் சுழி வரவேண்டும்.
உண்மையில் அங்கே யாரும் யாருக்கும்
முழுசாகக் கொடுத்துவிடுவதில்லை,
பங்கு போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள்.
இது கணக்குப்பிள்ளை புத்தி:
பகிர்ந்ததையும் பற்று வரவு என்றே எழுதும்.

கிணற்றிலிருந்து ஏறிவரும் வாயுவில் மைனஸ் இரண்டு.
அழுகின முட்டை.
பாதுகாப்பு வகுப்பில் குர்ஷித் சாப் சொன்னார்:
நாறும்வரை மூக்கு உன் பக்கம்.
நாறிக்கொண்டிருந்தது திடீரென நின்றால்
காற்று வரும் திசைக்கு ஓடு, செருப்பைத் தேடாதே.

மூன்றில் ஒரு பங்கை உலையில் எரிக்கிறோம்.
அது பிளஸ் நான்காகி, தொண்டையைக் கிழிக்கும் புகையாகித் திரும்புகிறது.
ரியாக்டருக்குள்
மைனஸ் இரண்டுகள் இருவர், பிளஸ் நான்கு ஒருவர்,
எதிர்ப்பட்டு, கடன் தீர்ந்து,
மூவரும் சுழியாகி இறங்குகிறார்கள்
கண்ணாடித் துளை வழியே பார்த்தால்
சூடான தேன் நிறத்தில்.
ஆறிய பிறகுதான் மஞ்சள்.

பெராக்சோடைசல்பேட்டில் ஏழு வந்தது.
இரண்டு முறை போட்டேன், ஏழேதான்.
வெளிக்கூட்டில் இருப்பதே ஆறு.
இல்லாத ஒன்றை எங்கே போய்க் கைமாற்று வாங்கிக் கொடுத்தது?
பிறகு பார்த்தேன்,
நடுவில் இரண்டு ஆக்சிஜன்கள்
ஒன்றின் கையை ஒன்று பிடித்திருக்கின்றன,
அவற்றுக்குத் தலைக்கு மைனஸ் ஒன்றுதான்.
ஆறு.
இருப்பதற்கு மேல் கொடுக்க முடியாது என்று
வீட்டுக்கும் ஒரு வரி அனுப்பத் தோன்றியது.
மாடிக்குக் கம்பி கட்டியாகிவிட்டது என்று
அங்கிருந்து படம் வந்திருந்தது.
அனுப்பவில்லை.

கடைசியாகத் தயோசல்பேட்.
இரண்டு எக்ஸ், கழித்தல் ஆறு, சமம் கழித்தல் இரண்டு.
எக்ஸ் இரண்டு.
அடிக்கோடு போட்டுவிட்டு
சும்மா இருந்திருக்கலாம், படம் வரைந்தேன்.
ஒரு கந்தகம் நடுவில், மூன்று ஆக்சிஜன் சூழ: பிளஸ் ஐந்து.
இன்னொன்று அதன் ஓரத்தில் தொங்குகிறது: மைனஸ் ஒன்று.
கூட்டி வகுத்தால் இரண்டு, சரி.
ஆனால் அங்கே இரண்டு என்று யாருமே இல்லை.

காலை ஆறரைக்குக் கேம்ப் பஸ்.
சிக்கந்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.
கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை வாரும் வேலை.
ஏஜெண்டுக்குத் தர வேண்டியது இன்னும் பதினான்கு மாதம்.
"ஜெரால்டு, முந்நூறு இருக்குமா, சம்பளத்துல தந்துர்றேன்."
போன மாதமும் இதையேதான் சொன்னான்,
அதே அளவு சிரிப்போடு.
என் கையில் மாதம் ஐயாயிரம்.
அவன், தவணை போக, ஆயிரம் பள்ளத்தில்.
ஒரே அறை, ஒரே இரும்புக் கட்டிலின் மேலும் கீழும்.
எங்கள் சராசரியை யாராவது கேட்டால்
இரண்டாயிரம், சௌகரியமான இளைஞர்கள்.

முந்நூறைக் கொடுத்தேன். நோட்டில் குறித்தும் வைத்தேன்.
பெருமையாக இல்லை, ஆனால் குறித்தேன்.

வியாழன். கேள்வி முப்பத்தொன்று.
தயோசல்பேட் அயனியில் கந்தகத்தின் ஆக்சிஜனேற்ற எண் யாது.
அ, ஆ, இ, ஈ.
"யாருடையது என்று சொல்லுங்கள்" என எழுத
அந்தத் தாளில் இடமில்லை.
இ-யைக் கறுப்பாக்கினேன்.
மதிப்பெண் கிடைக்கும்.

அறைக்கு வந்தபோது வாசலில் அவன் பூட்ஸ்.
நாடாவின் முடிச்சுக்குள் மஞ்சள் பொடி.
வாங்காத, கொடுக்காத சுழி;
எட்டெட்டாய்க் கைகோத்த வளையங்கள்
எத்தனை கோடி ஒட்டியிருக்கின்றனவோ.
இரண்டையும் சேர்த்துத் தட்டிச் சுவரோரம் வைத்தேன்.
உள்ளே அவன் வாய் திறந்து தூங்கினான்.
வெங்காயம் உரிக்க வேண்டும்,
இன்று சமையல் என் முறை.